பிடித்த வரியும், பிடித்துக்கொண்ட பாடலும்

காலை ஐந்தரை மணிக்குக் கண் விழித்ததும் கைபேசியை எடுத்து, குடும்பத்தார் அனைவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பொன்மொழியை அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலைகளைத் தொடங்குவேன். பணி ஓய்வு பெற்ற நாள்முதல் இதுவே என் வழக்கம். அகல்விளக்குப் படத்தின்மேல் பொறுமையைப் பற்றி ஒரு வரி, கோபுரப் படத்தின்மேல் பணிவைப் பற்றி ஒரு வரி என மூன்றாண்டுகளாக ஒரு நாளும் தவறியதில்லை. எட்டுப் பேர் கைகூப்பும் குறியை அனுப்புவார்கள். அதைப் பார்த்தபின் மனத்துக்கு ஒரு நிறைவு.

சென்ற ஆண்டு திருக்கார்த்திகை அன்று மாலை, தம்பியின் மகள் பொரி உருண்டையோடு எங்கள் இல்லத்துக்கு வந்தாள். கல்லூரியில் படிக்கும் பெண். விளக்குகளை ஏற்றி முடித்துத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, “பெரியப்பா, முந்தாநாள் குழுவில் என்ன அனுப்பினீர்கள், நினைவிருக்கிறதா?” என்று கேட்டாள்.

எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

“எனக்கு நினைவிருக்கிறது. சினத்தை அடக்குவதைப் பற்றி அனுப்பியிருந்தீர்கள். அப்பாவும் படித்தார். படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்” என்றாள்.

அவள் குரலில் கேலி இல்லை. அதனால்தான் அது ஆழமாகத் தைத்தது. தந்தையார் விட்டுச்சென்ற வீட்டின் பாகப்பிரிவினையில் எழுந்த மனத்தாங்கலால், தம்பியும் நானும் பேசி இரண்டு தீபாவளிகள் கடந்திருந்தன. அந்த இரண்டு ஆண்டுகளிலும் பொறுமையையும் மன்னிப்பையும் பற்றி நான் அனுப்பிய வரிகள் எழுநூறுக்குக் குறையா. அவற்றுள் ஒன்றாவது எனக்குள் இறங்கியிருந்தால், பக்கத்துத் தெருவில் இருக்கும் தம்பியின் வீட்டு வாயிலுக்கு என் கால்கள் சென்றிருக்கும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நல்ல சொற்களுக்கு இந்நாட்டில் என்றுமே பஞ்சமில்லை. அப்படியிருக்க, ஒரு சொல் எப்போது ஒரு மனிதனை மாற்றுகிறது? எப்போது அது கைகூப்பும் குறியோடு நின்றுவிடுகிறது? இந்தக் கேள்வியோடு புரண்டு படுத்தபோது, சிறுவயதில் என் தாயார் சொல்லக் கேட்ட ஒரு மகானின் வரலாறு நெஞ்சில் எழுந்தது.

சமையற்காரர் கேட்ட பாடல்

ஈரோட்டை அடுத்த பவானியில் 1870-ஆம் ஆண்டு பிறந்தவர் அர்த்தநாரி. இளமையில் ஏட்டுக் கல்வி கிட்டவில்லை. மைசூர் அரண்மனையில் சமையற்பணி செய்துவந்தார். தீராத வயிற்றுவலி அவரை வாட்டியது. மருந்துகள் பலன் தராத நிலையில், பழநியாண்டவனின் திருவடியே கதியென்று பழநிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே ஒரு நாள், சந்நிதியில் ஆடல் மகள் ஒருத்தி ஒரு பாடலுக்கு அபிநயம் பிடித்து ஆடுவதைக் கண்டார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அந்தப் பாடலின் நடையும் பொருளும் அவரை நிறுத்திவைத்தன. அது அருணகிரிநாதர் அருளிய திருப்புகழ் என்று அறிந்தார். அதன்பின் அவருக்கு வேறு நாட்டம் இல்லாமற்போயிற்று. நடுவயதை நெருங்கிய காலத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். ஒரு பாடல், அடுத்து ஒரு பாடல் என்று நெஞ்சில் ஏற்றினார்.

பின்னர்த் துறவு பூண்டு திருவண்ணாமலையை அடைந்தார். ரமண மகரிஷியின் அருகில் சிலகாலம் இருந்தார். ஒரு நாள் மகரிஷி அவரை மலையிலிருந்து கீழே போகும்படி பணித்தார் என்பர். காரணம் விளங்காமல் இறங்கி வந்தவரை எதிர்கொண்டவர் சேஷாத்திரி சுவாமிகள். திருப்புகழே உமக்கு மந்திரம், வேறு சாதனை வேண்டா, வள்ளிமலைக்குச் செல்வீராக என்னும் கருத்துப்பட அவர் வழிகாட்டினார். வள்ளியம்மை வளர்ந்த தலமென்று போற்றப்படும் அந்த மலையில் ஆசிரமம் அமைத்துத் தங்கிய அர்த்தநாரியே, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்று நாடு வணங்கும் மகான். 1950-ஆம் ஆண்டு சித்தியடையும் வரையில், ஊர் ஊராகச் சென்று திருப்புகழைப் பாடவும் பிறரைப் பாடவைக்கவும் அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

பழநியில் அந்தப் பாடலைக் கேட்டவர் அவர் ஒருவர்தாமா? அன்று கூடியிருந்த அத்தனை பேர் செவியிலும் அது விழுந்தது. பலருக்கும் அது பிடித்திருக்கும். பிடித்தது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அர்த்தநாரி அதைக் கூடவே அழைத்துச் சென்றார். நாள்தோறும் அதனோடு வாழ்ந்தார். நமக்குப் பிடித்த வரிகள் ஆயிரம் இருக்கலாம். நம்மைப் பிடித்துக்கொள்ள ஒரு பாடலுக்கு நாம் இடம் கொடுத்திருக்கிறோமா என்பதே கேள்வி.

சிதம்பரத்தில் விழுந்த விதை

சுவாமிகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திருப்புகழ் அச்சில் கிடைத்ததற்கும், இதேபோல் ஒருவர் செவியில் விழுந்த ஒரு பாடலே காரணம்.

வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை நீதித்துறையில் பணியாற்றி மாவட்ட முன்சீப்பாக உயர்ந்தவர். 1871-ஆம் ஆண்டில் சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான ஒரு வழக்கில், அவர்தம் பெருமைக்குச் சான்றாக ஒரு திருப்புகழ்ப் பாடல் எடுத்துக்காட்டப்பட்டது. அதன் இனிமை இளைஞராயிருந்த பிள்ளையவர்களைக் கவர்ந்தது. அருணகிரியார் பாடியவை பதினாறாயிரம் என்பது மரபு. அவை எங்கே போயின என்று அவர் தேடத் தொடங்கினார்.

ஏடுகள் இருந்த இல்லங்களுக்கெல்லாம் ஆள் அனுப்பியும், நேரில் சென்றும், ஒப்புநோக்கியும், பணிச்சுமைக்கிடையே அவர் திரட்டிய பாடல்கள் இரு பகுதிகளாக அச்சேறின. முதற்பகுதி வெளிவந்தபோது, சிதம்பரத்தில் அவர் அந்தப் பாடலைக் கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. தந்தை தொடங்கியதை மைந்தர் தொடர்ந்தார். பதிவுத்துறையில் பணிபுரிந்த ‘தணிகைமணி’ வ.சு. செங்கல்வராய பிள்ளை, திருப்புகழுக்கு உரை கண்டு, முருகன் நூல்களை வகுத்துத் தொகுத்து அளித்தார். இன்று நம் கைக்குக் கிடைப்பவை 1,300-க்குச் சற்று அதிகமான பாடல்கள். வழக்கு மன்றத்தில் ஒரு பாடலை ஒருவர் காதால் மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தால், இவற்றுள் எத்தனை செல்லுக்கு இரையாகியிருக்குமோ!

இவ்விருவரும் உலகைத் துறந்து காட்டுக்குச் சென்றவர்கள் அல்லர். அலுவலகம் சென்று, குடும்பம் காத்து, மாலையில் விளக்கடியில் அமர்ந்து எழுதியவர்கள். நேரமில்லை என்று சொல்லும் நம் போன்றோர்க்கு இவர்கள் வாழ்வே விடை.

சந்தம் என்னும் ஏணி

படித்த பொன்மொழி மறுநாளே மறந்துபோவதும், சிறுவயதில் கேட்ட பாடல் எழுபதிலும் நினைவில் நிற்பதும் எதனால்? பாடலைச் சுமப்பது இசை. திருப்புகழிலோ இசைக்குமுன்னே சந்தம் நிற்கிறது.

திருப்புகழ் நூலைத் திறந்தால், ஒவ்வொரு பாடலின் தலையிலும் தனன, தான, தந்த என்றவாறு ஒரு வாய்பாடு இருக்கும். எந்த இடத்தில் குறில், எந்த இடத்தில் நெடில், எங்கே வல்லொற்று, எங்கே மெல்லொற்று என்பதை அது வரையறுத்துவிடும். அந்த அளவு பாடல் முழுவதும் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். ஆதலால் இராகம் அறியாதவரும் அதைத் தாளத்தோடு சொல்லிவிட இயலும். ஒரு சொல் மறந்துபோனாலும், அங்கே என்ன ஓசை வரவேண்டும் என்பதைச் சந்தமே எடுத்துக்கொடுக்கும். படியில் ஏறுபவனுக்குக் கைப்பிடி போல, மனத்துக்கு அது துணை.

அருணகிரியார் பாடிய காலத்து இசையமைப்பு நமக்குக் கிட்டவில்லை. பிற்காலப் பெரியோர் இந்தச் சந்தத்தை அடித்தளமாகக் கொண்டு பண்ணமைத்தனர். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை கச்சேரி மேடைகளில் திருப்புகழுக்குச் சிறப்பிடம் தந்தார். திருமுருக கிருபானந்த வாரியார், தந்தையார் மல்லையதாசரிடம் இளமையிலேயே பாடல்களை நெட்டுருச் செய்து, பின்னாளில் ‘திருப்புகழ் அமிர்தம்’ என்னும் இதழையே நடத்தினார். 1964-இல் வெளிவந்த ‘அருணகிரிநாதர்’ திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜன் அருணகிரியாராகவே நடித்துப் பாடியபின், பாமரர் நாவிலும் திருப்புகழ் ஏறியது. தில்லியில் குருஜி ஏ.எஸ். ராகவன் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இசையமைத்து, கட்டணம் இல்லாமல் கற்பித்து, குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து பாடும் ‘திருப்புகழ் அன்பர்கள்’ என்னும் பெருங்கூட்டத்தை உருவாக்கினார்.

இவ்வளவுக்கும் ஊற்றாகிய அருணகிரியாரின் வாழ்வும் ஒரு சொல்லால் திரும்பியதே. தவறான வழியில் இளமையைக் கழித்து, பிணியுற்று, தன்னையே வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து விழுந்தவரை, முருகப் பெருமான் தாங்கிக்கொண்டான் என்பது வரலாறு. பாடு என்று பணித்து, தொடக்கச் சொல்லையும் இறைவனே எடுத்துக்கொடுத்தான் என்பர். இனி ஒன்றுமில்லை என்று நினைத்த ஒருவருக்கு, பெருமான் தந்தது ஒரு வேலை. ஊக்கம் என்பதன் பொருள் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் விளங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

365 படிகள்

கார்த்திகை முடிவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். குழுவுக்குப் பொன்மொழி அனுப்புவதை நிறுத்தினேன். திருப்புகழில் ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொண்டேன். பழநித் தலத்துச் சிறிய பாடல். பிறருக்குத் தீங்கிழைத்துப் பழிச்சொல்லுக்கு ஆளாகித் திரியாதபடி என்னைக் காத்து, உன் உபதேசப் பொருளால் உன்னை நினைந்து அருள்பெறச் செய்வாயோ என்று அருணகிரியார் இறைஞ்சும் பாடல் அது. முதல் வாரம் நா புரளவில்லை. இரண்டாம் வாரம் சந்தம் பிடிபட்டது. மூன்றாம் வாரத்தில், நடக்கும்போதும் குளிக்கும்போதும் அது தானாகவே உள்ளே ஓடத் தொடங்கியது. பிறருக்குத் தீங்கு என்னும் இடம் வரும்போதெல்லாம் தம்பியின் முகம் எதிரே வந்து நின்றது. அவனால் எனக்கு வந்த தீங்கையே இரண்டு ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தேன். நான் அவனுக்குச் சொன்ன சொற்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மார்கழியில், ஆங்கில ஆண்டின் இறுதி நாளன்று திருத்தணிக்குச் சென்றேன். அன்று அங்கே திருப்படித் திருவிழா. ஆண்டின் நாள்களைப் போல மலைக்குச் செல்லும் படிகளும் 365. வெள்ளையர் ஆண்ட காலத்தில், புத்தாண்டு நாளில் பழமும் மாலையும் ஏந்தி ஆங்கில அதிகாரிகளின் இல்லங்களுக்குச் சென்று காத்துநிற்பது பலருக்கும் வழக்கமாயிருந்தது. இதைக் கண்டு வருந்திய வள்ளிமலை சுவாமிகள், துரைகளுக்கெல்லாம் துரையாகிய தணிகைப் பெருமானைப் போய்க் காணுங்கள் என்று அன்பர்களைத் திரட்டினார். அவர் தொடங்கிவைத்த அந்த விழா நூறாண்டைக் கடந்து இன்றும் நடைபெறுகிறது. படிதோறும் கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி, அடுத்த படிக்கு ஏறுகிறார்கள்.

முழங்கால் வலியோடு நானும் ஒரு பஜனைக் குழுவின் பின்னால் ஏறினேன். என் பாடலை அவர்கள் எடுத்தபோது, மகிழ்ச்சி மிகுதியால் குரலை உயர்த்தினேன். அருகில் நின்ற முதிய அம்மையார் ஒருவர் என் கையைத் தொட்டு, “அங்கே நீட்டாதீங்க ஐயா, தாளம் இடிக்கும்” என்றார். திருத்திக்கொண்டு பாடினேன். பிறகு எங்கே கற்றீர்கள் என்று அவரைக் கேட்டேன். தெருவில் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் பஜனையில் கேட்டுக் கேட்டு வந்ததாம். “எனக்குப் படிக்கத் தெரியாது. காது இருக்குதே!” என்று சிரித்தார். வள்ளிமலை சுவாமிகளே அந்தப் படியில் நின்று பேசியதுபோல் இருந்தது எனக்கு.

தணிகை என்னும் பெயருக்கே சினம் தணிந்த இடம் என்று பொருள் கூறுவர். சூரபதுமனோடு போர் முடித்த பெருமான் சினம் ஆறி அமர்ந்த மலை இது. அதனாலேயே மற்ற முருகன் தலங்களில் கந்தசஷ்டியில் நிகழும் சூரசம்ஹாரம் இங்கே நிகழ்வதில்லை. அன்று மலர்களால் அருச்சனையே நடைபெறுகிறது. இதைப் பலமுறை படித்திருக்கிறேன். அன்றுதான், சந்நிதியில் நின்றபோது, அது எனக்காகச் சொல்லப்பட்டதென்று உணர்ந்தேன்.

மறுநாள் காலை, திருநீறும் சந்தனமும் எடுத்துக்கொண்டு தம்பியின் வீட்டுக்குச் சென்றேன். கதவைத் திறந்தவன் ஒரு கணம் அசையாமல் நின்றான். “தணிகைப் பிரசாதம்” என்றேன். அதற்குமேல் பேச நா எழவில்லை. திருநீற்றை இட்டுக்கொண்டு, “உள்ளே வா அண்ணா, காபி ஆறிடும்” என்றான். எனக்காக இன்னும் போடப்படாத காபி அது. வீட்டுக் கணக்கு அன்று தீரவில்லை. இன்றும் முழுமையாகத் தீரவில்லை. ஆனால் இப்போது அதை இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகிறோம்.

நம் இல்லத்தில் ஒரு பாடல்

அன்பர்களே, இதைப் பெருமைக்காக எழுதவில்லை. நாள்தோறும் நல்ல வரிகளைத் தேடிப் பகிரும் என் போன்றோர் பலர் உளர். அவர்கள் நோக்கம் தூயது. அதனோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டால் பயன் பெருகும் என்பதே என் விண்ணப்பம்.

முதலாவது, ஒரு மாதத்துக்கு ஒரே பாடல். திருப்புகழாகவும் இருக்கலாம், தேவாரம், திவ்வியப் பிரபந்தம், திருவருட்பா என எதுவாகவும் இருக்கலாம். தம் ஊர்க் கோயிலுக்குரிய பதிகமோ பாசுரமோ இருந்தால் அதுவே சிறப்பு. பலவற்றைத் தொடுவதைவிட ஒன்றோடு தங்குவது மேல்.

இரண்டாவது, அதைக் கையால் எழுதுதல். பிள்ளைகளின் பழைய குறிப்பேடு ஒன்று போதும். எழுதும்போது மனம் ஒவ்வொரு சொல்லிலும் நிற்கிறது. பொருள் விளங்காத சொல்லை உரைநூலில் பார்த்து அருகில் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, விளக்கேற்றும் வேளையில் சேர்ந்து பாடுதல். பத்து நிமிடம் போதும். குரல்வளம் பற்றிய கவலை வேண்டா. சந்தமும் தாளமும் நம்மை இழுத்துச் செல்லும். குழந்தைகள் உடன் இருந்தால் பொருளறியாமலே அவர்கள் நாவில் ஏறிவிடும். பொருள் பின்னொரு நாள், தேவைப்படும் நாளில், தானாகவே அவர்களை வந்தடையும்.

நான்காவதுதான் கடினமானது. அந்தப் பாடல் நம்மிடம் என்ன கேட்கிறது என்று பார்த்து, மாதத்துக்கு ஒரு செயலையேனும் செய்தல். தணிவைப் பாடினால் யாரிடம் தணிய வேண்டும்? ஈகையைப் பாடினால் யாருக்கு ஈய வேண்டும்? அந்தப் பெயர் நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்தே இருக்கும்.

எங்கள் குடும்பக் குழுவில் இப்போது பொன்மொழிகள் வருவதில்லை. தம்பியின் மகள் மாதத்தின் முதல் நாளில் ஒரு பாடலை எழுதி, அதன் படத்தை அனுப்புகிறாள். மாதக் கடைசியில், யார் யார் பாராமல் சொல்கிறார்கள் என்று கேட்கிறாள். கைகூப்பும் குறியை அவள் ஏற்றுக்கொள்வதில்லை. குரலைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். சென்ற மாதம் தம்பி அனுப்பிய பதிவில் ஓரிடத்தில் நெடிலாக நீட்டிவிட்டான். அங்கே தாளம் இடிக்கும் என்று திருத்திச் சொன்னேன். மறுநிமிடமே சரியாகப் பாடி அனுப்பினான்.

ஒரு சமையற்காரரை மகானாக்கிய அந்தப் பாடல்கள் இன்னும் நம்மிடம் இருக்கின்றன. இன்று மாலை விளக்கேற்றும்போது, ஒன்றை எடுத்துப் பாடிப் பாருங்கள். தணிகை வேலவன் உங்கள் இல்லத்துச் சினங்களைத் தணித்து, எல்லா நலமும் அருள்வானாக!